எண்ணெய்க் கிணத்துல விடுற கரண்ட் பத்தி, அப்படியே நம்ம போர் தண்ணி பத்தியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர் வாசகர் கடிதம் பகுதியில நன்னிலம் பக்கத்துலேர்ந்து ஒரு நண்பர் எழுதியிருந்தாரு. எண்ணெய்க் கிணத்துக்குள்ள கரண்ட்டை விட்டு பாறைய உருக்குறாங்க, அதனாலதான் சுத்துப்பட்டுல போர் தண்ணி கீழ போயிடுச்சுன்னு. அவரோட கவலை எனக்குப் புரியுது, நானும் டெல்டாக்காரன்தான், எங்க வீட்டு போர் மோட்டாரையும் வருஷா வருஷம் கீழ இறக்கிட்டுதான் இருக்கோம். கிணறு வேணுமா வேணாமாங்கறது தனி சண்டை, அதுல எனக்கும் ஒரு கருத்து உண்டு, அதை எழுத இந்தக் கடிதம் இல்ல. ஆனா அந்த கரண்ட் சமாச்சாரத்தை மட்டும் அப்படியே விட மனசு வரல, ஏன்னா நான் ரொம்ப வருஷம் லாக்கிங் வேலையில இருந்தவன், அதாவது தோண்டின ஓட்டைக்குள்ள கேபிள்ல கருவிய இறக்கி அளந்து எடுக்கற வேலை. அந்த கரண்ட் எதுக்குன்னு தெரிஞ்சா நண்பர் கேக்க வேண்டிய கேள்வியே வேறயா இருக்கும், அதையும் கடைசில சொல்றேன்.

முதல்ல அந்த கரண்ட் எவ்வளவு? பெரிய டூல்லயே ஆம்பியர் கணக்குதான், சின்ன டூல்ல மில்லி ஆம்பியர்தான். வயல்ல ஓடுற 5 எச்பி மோட்டார் இழுக்கறது அதைவிட ஜாஸ்தி. இதை வச்சிகிட்டு பாறைய உருக்க முடியாது, களிமண்ணைக் கூட காய வைக்க முடியாது. அது அளக்கறதுக்கு மட்டும்தான்.

எதை அளக்கறாங்கன்னா, மின்தடை. ஒரு மீட்டர் நீளம் அகலம் உசரம் உள்ள ஒரு பாறைத் துண்டோட எதிரெதிர் பக்கத்துல ஒயர் வச்சா எத்தனை ஓம் காட்டுமோ அதுதான் அந்தப் பாறையோட மின்தடை எண், ஓம் மீட்டர்னு சொல்லுவோம். மணல் பாறையில இருக்கற மணல் குருணை கரண்ட்டை கடத்தவே கடத்தாது, குருணைக்கு நடுவுல இருக்கற சந்துல என்ன நிக்குதோ அதுதான் கணக்கு. சந்துல உப்புத்தண்ணி நின்னா கரண்ட் சுலபமா போவும், ஒரு ஓம் மீட்டர் ரெண்டு ஓம் மீட்டர்னு காட்டும். எண்ணெயோ கேஸோ நின்னா அது கரண்ட்டை விடாது, அதனால எண் இருபது நாப்பது நூறுன்னு ஏறிடும். களிப்பாறை, நாங்க ஷேல்னு சொல்றது, அதுல களியே கொஞ்சம் கடத்தும், அதனால அது எப்பவும் கீழதான் நிக்கும். ரெண்டு மூணு கிலோமீட்டர் கீழ யாரும் இறங்கிப் பாக்க முடியாத எடத்துல, சந்துல நிக்கறது தண்ணியா எண்ணெயான்னு சொல்ல இது ஒரு முக்கியமான வழி.

இது ஒண்ணும் நேத்து வந்த சங்கதி இல்ல. 1927 செப்டம்பர் 5, பிரான்ஸ் நாட்டுல அல்சாஸ் பகுதியில பெஷல்ப்ரான்ங்கற எண்ணெய் வயல்லதான் முதல் தடவையா பண்ணாங்க. கான்ராட், மார்செல்னு ஷ்லும்பர்ஜர் அண்ணன் தம்பி ரெண்டு பேரு, அதுக்கு முன்னாடி தரை மேல கம்பி குத்தி கரண்ட் விட்டு உலோகத் தாது தேடிகிட்டு இருந்தவங்க. அதையே ஓட்டைக்குள்ள இறக்குனா என்னன்னு யோசிச்சாங்க. கான்ராடோட மருமகன் ஹென்றி டால்னு ஒரு இளவட்டம், அவருதான் கருவிய செஞ்சு இறக்குனவரு. ஒவ்வொரு மீட்டருக்கும் நிறுத்தி, கையால மீட்டரைத் திருப்பி, நோட்டுல எழுதி, அப்பறம் கிராஃப் தாள்ல புள்ளி வச்சு கோடு போட்டாங்க. இப்ப லாரிக்குள்ள கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல கோடு ஓடுறத பாக்கற பசங்களுக்கு அந்தப் பொறுமை வராது, எனக்கும் வராது.

வேலை எப்படி நடக்கும்னா, ஒரு அளவு ஆழம் தோண்டி முடிச்சதும் டிரில் பைப் எல்லாத்தையும் மேல எடுத்துருவாங்க, ஓட்டை முழுக்க மட் நிக்கும், அது பாரைட்டு பெண்டோனைட்டு எல்லாம் கலந்த சேறு. எங்க லாரி பின்பக்கமா வந்து, தோண்டுற எந்திரம் இருக்கே ரிக்கு, அதுக்கு நேரா நிக்கும், வின்ச்சுல சுத்தியிருக்கற ஸ்டீல் கேபிள், அதுக்கு நடுவுல ஏழு ஒயர். முனையில டூல், மூணரை நாலு இஞ்ச் தடிமன், பல துண்டு சேத்து மாட்டுனா பத்து பதினஞ்சு மீட்டர் நீளத்துக்குப் போவும். அடி வரைக்கும் சும்மா இறக்கிட்டு, மேல இழுக்கும்போதுதான் ரெக்கார்ட் பண்ணுவோம், ஏன்னா இழுக்கும்போது கேபிள் விரைப்பா இருக்கும், ஆழம் சரியா வரும். மணிக்கு அரை கிலோமீட்டருலேர்ந்து ஒரு கிலோமீட்டர், அந்த வேகம்தான். ராத்திரி பூரா ஓடும். டூல் நடுவுல எங்கயாவது மாட்டிகிச்சுன்னா அன்னிக்கு யாருக்கும் சோறு இறங்காது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, அதுதான் இந்த வேலையோட பாதி வித்தை. நாம அளக்க வேண்டியது பாறையில இயற்கையா நிக்கற திரவத்தை. ஆனா தோண்டும்போதே மட்ல இருக்கற தண்ணி அழுத்தத்துல பாறைக்குள்ள புகுந்துரும், ஓட்டை செவுத்துல சேறு படிஞ்சு ஒரு பத்தா நிக்கும், அதுக்குப் பின்னாடி ஒரு சாண் ஒரு முழம் வரைக்கும் எண்ணெய தள்ளிவிட்டு மட் தண்ணி உக்காந்துக்கும். அதனால ஒரே ஒரு அளவு எடுத்தா ஏமாந்துருவோம். செவுத்த ஒட்டி ஒண்ணு, நடுவாந்தரமா ஒண்ணு, ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் உள்ள தள்ளி ஆழமா ஒண்ணுன்னு எடுக்கணும். மூணு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துகிட்டு தாழ்வா போனா அது களி, எதுவும் உள்ள புகல. மூணும் பிரிஞ்சா அங்க மட் தண்ணி புகுந்திருக்கு, அதாவது திரவம் ஓடுற பாறை. நல்ல தண்ணியில கலக்குன மட்டா இருந்து, கிட்டக்க பாக்கற கோடு மேலயும் ஆழமா பாக்கற கோடு கீழயும் போனா உள்ள உப்புத்தண்ணி. ஆழக் கோடும் உசரமா நின்னா அப்பதான் ஜியாலஜிஸ்ட் நாற்காலிய இழுத்துப் போட்டுகிட்டு ஸ்கிரீன் கிட்ட வருவாரு.

பழைய டூல்ல 16 இஞ்ச் தள்ளி ஒரு எலக்ட்ரோடு, அதாவது அளக்கறதுக்கான உலோக முனை, 64 இஞ்ச் தள்ளி ஒண்ணு, ஷார்ட் நார்மல் லாங் நார்மல்னு பேரு. அதுல கரண்ட்டை விட்டா அது எங்க வேணா போவும், மட் உப்பா இருந்தா பாறைக்குள்ள போறதுக்கு பதிலா மட்டுலயே மேலயும் கீழயும் ஓடிப்போயிரும். வாய்க்கா ரெண்டு பக்கமும் கரைய பலமா கட்டினாத்தான தண்ணி கடைமடைக்குப் போவும், கரை ஒடஞ்சா தலைமடையிலயே பரவிடும், அதே கதைதான். அதுக்கு டால் 1951ல லேட்டரோலாக்னு ஒண்ணு கொண்டாந்தாரு. நடுவுல அளக்கற எலக்ட்ரோடு, அதுக்கு மேலயும் கீழயும் காவல் எலக்ட்ரோடு, காவல்காரங்களையும் நடு எலக்ட்ரோடையும் ஒரே வோல்ட்டேஜ்ல வச்சிருவாங்க, அதனால நடு கரண்ட் மேலயும் போக முடியாது கீழயும் போக முடியாது, தட்டையா ஒரு தகடு கணக்கா நேரா பாறைக்குள்ள போயிதான் ஆகணும். பின்னாடி வந்த டூயல் லேட்டரோலாக்ல ஆழக் கோட்டுக்கு 35 ஹெர்ட்ஸ், கிட்டக் கோட்டுக்கு 280 ஹெர்ட்ஸ், ரெண்டையும் ஒரே டூல்ல ஒரே நேரத்துல எடுத்துருவாங்க. உப்பு மட்டுக்கும், மின்தடை அதிகமா இருக்கற கெட்டிப் பாறைக்கும் இதுதான் சரி.

ஆனா மட்டே டீசல் மாதிரி எண்ணெயில கலக்குனதா இருந்தா? அதுல கரண்ட்டே ஏறாது, எலக்ட்ரோடு எல்லாம் வேஸ்ட். அதுக்கு இண்டக்‌ஷன் டூல். இரண்டாம் உலகப் போர்ல இதே டால் அமெரிக்க ராணுவத்துக்கு ஜீப் முன்னாடி மாட்டி கண்ணிவெடி கண்டுபிடிக்கற கருவி பண்ணிகிட்டு இருந்தாரு, அந்த அனுபவத்துலேர்ந்து வந்ததுதான், 1949ல கட்டுரையா வெளியிட்டாரு. இதுல எலக்ட்ரோடே கிடையாது, வெறும் காயில். ஒரு காயில்ல 20 கிலோ ஹெர்ட்ஸ்ல கரண்ட் ஓடும், அது உண்டாக்குற காந்தப் புலம் ஓட்டைய சுத்தி பாறைக்குள்ள வட்ட வட்டமா கரண்ட்டைத் தூண்டும், அந்த வட்ட கரண்ட் இன்னொரு காயில்ல ஒரு சின்ன சிக்னல் தரும். பாறை எவ்வளவு நல்லா கடத்துதோ சிக்னல் அவ்வளவு பெருசு. முதல் காயில்லேர்ந்து ரெண்டாவது காயிலுக்கு நேரடியா வர்ற சிக்னல் இதவிட ரொம்ப ரொம்ப பெருசு, அதை அடக்கறதுக்கு எதிர்ப்பக்கமா சுத்துன இன்னொரு காயில் வப்பாங்க. இப்ப வர்ற டூல்ல நிறைய காயில் வச்சு 10, 20, 30, 60, 90 இஞ்ச்னு அஞ்சு ஆழத்துல கோடு வந்துரும். மின்தடை குறைவான எடத்துல இது கில்லாடி, சில நூறு ஓம் மீட்டருக்கு மேல போனா சிக்னல் சன்னமாகி தடுமாறும். எண்ணெய் மட்லயும் வேலை செய்யும், மட்டே இல்லாத காத்து ஓட்டையிலயும் வேலை செய்யும், பிளாஸ்டிக் பைப்புக்குள்ளேர்ந்து கூட வேலை செய்யும். இந்த கடைசி விஷயத்தை தயவுசெஞ்சு ஞாபகத்துல வச்சிக்கோங்க, அதுக்கு வர்றேன்.

தோண்டிகிட்டே அளக்கற டூலும் வந்தாச்சு, பாறைய கொடையற முனையான பிட்டுக்கு கொஞ்சம் மேல பைப்புலயே பொருத்திருவாங்க, 2 மெகா ஹெர்ட்ஸ், 400 கிலோ ஹெர்ட்ஸ்ல அலைய விட்டு ரெண்டு ரிசீவருக்கு நடுவுல அலை எவ்வளவு பின்தங்குது எவ்வளவு தேயுதுன்னு பாத்து கணக்கு போடும். மட்டுல அழுத்தத்தை ஏத்தி இறக்கி துடிப்பு துடிப்பா மேல செய்தி வரும். நான் வேலைய விடற சமயத்துல இதுதான் எங்க பொழப்புல மண்ண போட வந்துச்சு, அது கெடக்கட்டும்.

கோடு வந்தாச்சு, அதுலேர்ந்து எண்ணெய் எவ்வளவுன்னு எப்படி சொல்றது? 1942ல ஷெல் கம்பெனியில இருந்த ஆர்ச்சிங்கறவரு ஒரு கணக்கு சொன்னாரு, இன்னிக்கும் அதுதான் அடிப்படை. உதாரணத்துக்கு, பாறையில சந்து 20 சதவீதம், அந்த எடத்து உப்புத்தண்ணியோட மின்தடை 0.1 ஓம் மீட்டர்னு வச்சிக்குவோம். சந்தோட வர்க்கத்தால, அதாவது 0.04 ஆல வகுத்தா 2.5. சந்து முழுக்க தண்ணி நின்னா டூல் 2.5 ஓம் மீட்டர் காட்டணும். ஆனா டூல் 40 காட்டுது. 2.5ஐ 40 ஆல வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 0.25, அதாவது சந்துல கால்வாசிதான் தண்ணி, மிச்சம் முக்கால்வாசி எண்ணெயோ கேஸோ. இவ்வளவுதான். பிளஸ் டூ படிக்கற பிள்ளை போட்டுரும். ஆனா களி கலந்த மணல்ல இது ஒதைக்கும், ஏன்னா களியும் கரண்ட்டை கடத்துதுல்ல. ஒரு விரக்கடை மணல் ஒரு விரக்கடை களின்னு அடுக்கடுக்கா இருந்தா டூல் ரெண்டையும் சேத்து சராசரிய காட்டும், எண்ணெய் இருந்தும் எண் தாழ்வா நிக்கும், நம்பிக்கை இல்லாம மூடிட்டுப் போன அடுக்கு உலகம் பூரா உண்டு. கிரானைட்டு மாதிரி பாறையில இன்னும் கஷ்டம். மாதானம் பக்கம் அடிப்பாறையில இருக்கற வெடிப்புலயே எண்ணெய் கிடைச்சிது, அங்க பாறை தடை ஆயிரக்கணக்குல போவும், வெடிப்புதான் முக்கியம், அதுக்கு செவுத்துல பட்டை பட்டையா ஒட்டிகிட்டு நூத்துக்கணக்கான சின்ன பட்டன் எலக்ட்ரோடால படம் எடுக்கற டூல் வேணும்.

நம்ம ஊருக்கும் இந்தக் கோடுகளுக்கும் உள்ள ஒறவ வெளியில யாரும் பேசறதில்ல. காவிரிப் படுகையில 1960கள்லேர்ந்து ஆழக் கிணறு தோண்டறாங்க, நரிமணத்துல எண்ணெய் கிடைச்சது 1985ல. கீழ இருக்கற பாறை அடுக்குக்கு நம்ம ஊர் பேரையேதான் வச்சிருக்காங்க, நன்னிலம், குடவாசல், கமலாபுரம், நிரவி, புவனகிரி, ஆண்டிமடம்னு. குடவாசல் ஷேல்னு கம்ப்யூட்டர்ல ஆழம் குறிக்கும்போது எங்க ஊரு பஸ் ஸ்டாண்டு கண்ணு முன்னாடி வந்து போவும்.

இப்ப நண்பர் கடிதத்துக்கு வர்றேன். அவர் பயந்தது கரண்ட்டுக்கு. பயப்படணும்னா லாரியில வேற ஒரு டப்பா இருக்கு அதைக் கேக்கணும். பாறை அடர்த்தி அளக்கற டூல்ல சீசியம் 137, நியூட்ரான் டூல்ல அமெரிசியம் பெரிலியம், ரெண்டும் கதிரியக்கப் பொருள். அதை எப்படி கொண்டு வரணும், எங்க பூட்டி வைக்கணும், யாரு தொடணும்னு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு விதி இருக்கு, அதைப் பின்பத்துறாங்களான்னு கேக்கற உரிமை ஊருக்கு உண்டு. அது நியாயமான கேள்வி.

அதவிட பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதிகிட்டு இருக்கேன். மின்தடை டூல் தண்ணியா எண்ணெயான்னு மட்டும் சொல்லல, நல்ல தண்ணியா உப்புத்தண்ணியான்னும் சொல்லுது. நம்ம விவசாயத் துறை ஆளுங்க தண்ணி டெஸ்ட் பண்ணி இசி எண் ஒண்ணு, அதாவது தண்ணி கரண்ட்டை எவ்வளவு கடத்துதுங்கற எண், எழுதிக் குடுப்பாங்கல்ல, 1000, 2500ன்னு, அதுவும் இதுவும் ஒண்ணேதான் தலைகீழா. பத்தாயிரத்தை இசி எண்ணால வகுத்தா ஓம் மீட்டர். இசி 1000 தண்ணின்னா 10 ஓம் மீட்டர், இசி 2500ன்னா 4, கடல் தண்ணி இசி சுமார் 50000, அதனால 0.2. அந்த தண்ணி மணலுக்குள்ள நிக்கும்போது எண் நாலஞ்சு மடங்கு ஏறும். ஆகக்கூடி மேல் மணல்ல டூல் நாப்பது காட்டுனா நல்ல தண்ணி, ஒண்ணு காட்டுனா உப்பு. (இதுல எங்களுக்கே ஒரு பொறி உண்டு. நல்ல தண்ணி மணலும் எண்ணெய் மணலும் மின்தடைக் கோட்டுல பாக்க ஒரே மாதிரி உசரமா நிக்கும், அதனாலதான் எஸ்பி கோடு, அதாவது நாம கரண்ட் விடாமலே ஓட்டைக்குள்ள தானா உண்டாகற வோல்ட்டேஜோட கோடு, அப்பறம் அடர்த்தி, நியூட்ரான் எல்லாம் சேத்துப் பாக்கறது. பாறைத் தண்ணி மட்ல இருக்கற தண்ணிய விட உப்பு கம்மியா இருந்தா எஸ்பி கோடு வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும்.)

டெல்டா கடலோரத்துல நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் போர் போடறவங்க கஷ்டம் எல்லாருக்கும் தெரியும். மேல உப்பு, நடுவுல நல்ல தண்ணி, கீழ மறுபடி உப்புன்னு மாறி மாறி வர்ற எடம் இருக்கு. ரோட்டரிக்காரரு மட்டுல வர்ற மணலை கையில எடுத்துப் பாத்து இந்த அடியில ஃபில்டர் பைப் வைங்கம்பாரு, மணல் பருமன்தான் அவருக்குத் தெரியும், அதுல நிக்கறது என்ன தண்ணின்னு தெரியாது. அஞ்சு பத்து அடி தள்ளி ஃபில்டர் வச்சதுல நல்ல தண்ணியோட உப்பும் சேந்து வந்து லட்ச ரூபா போர் வீணாப் போனவங்க எங்க சொந்தத்துலயே உண்டு. பைப் எறக்கறதுக்கு முன்னாடி அந்த ஓட்டையில ஒரு சின்ன மின்தடை டூலை விட்டு எடுத்தா, 16 இஞ்ச் 64 இஞ்ச் பழைய நார்மல் டூலே போதும், எந்த அடியிலேர்ந்து எந்த அடி வரைக்கும் நல்ல தண்ணின்னு கோடா வந்துரும். அரசாங்க போருக்கு சில எடத்துல எடுக்கறாங்க, தனியார் போருக்கு கேக்கவே ஆளில்ல. தேங்காய உள்ளங்கையில வச்சிகிட்டு நீரோட்டம் பாக்கறவருக்கு குடுக்கற காசை இதுக்குக் குடுக்கலாம்னு சொன்னா எங்க ஊருல என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க.

இப்ப கவனிங்க. டெல்டாவுல இத்தனை எண்ணெய்க் கிணறு தோண்டியிருக்காங்க, ஒவ்வொண்ணும் முதல்ல நல்ல தண்ணி மணலைத் தாண்டித்தான கீழ போயிருக்கு. மேல் பகுதியில 17½ இஞ்ச் ஓட்டை போட்டு 13⅜ இஞ்ச் இரும்பு கேசிங், அதாவது காப்புக் குழாய், இறக்கி சுத்தி சிமெண்ட் விடுறது நல்ல தண்ணிய காப்பாத்தத்தான்னு அவங்களே சொல்றாங்க. சரி, நல்ல தண்ணி எந்த ஆழத்துல முடியுது, உப்பு எங்க ஆரம்பிக்குது? அதைக் காட்டற கோடு எங்கெங்க எடுத்திருக்காங்களோ அதெல்லாம் அவங்க கிட்ட இருக்கு. எல்லா கிணத்துலயும் மேல் ஓட்டைய லாக் பண்றதில்ல, அங்க எண்ணெய் இல்லன்னு காசை மிச்சம் பிடிச்சு விட்டுருவாங்க, இரும்பு கேசிங் ஏறிட்டா அப்பறம் சாதாரண மின்தடை டூலுக்கு கண்ணு தெரியாது, கரண்ட் முழுக்க இரும்புலயே ஓடிரும். கேசிங் வழியா பாக்கற டூல் பின்னாடி வந்துச்சு, செலவு ஜாஸ்தி. ஆனா எடுத்த வரைக்கும் உள்ள கோடு எல்லாம் இருக்குல்ல, நம்ம மண்ணுக்குக் கீழ தண்ணி எப்படி படுத்திருக்குங்கற படம் அது.

2020ல வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டல சட்டத்துனால மண்டலத்துக்குள்ள புதுசா எண்ணெய் எரிவாயு கிணறு தோண்ட தடை, ஏற்கனவே இருக்கறதுக்கு பொருந்தாது. அதனால இந்தப் பழைய கோடுகளுக்கு இன்னும் மதிப்பு கூடியிருக்குங்கறது என் எண்ணம், புதுசா அந்த ஆழத்துக்கு யாரும் ஓட்டை போட்டுக் காட்டப் போறதில்ல. ஹைட்ரோகார்பன் இயக்குநரகம் 2017லேர்ந்து தேசிய தரவு களஞ்சியம்னு ஒண்ணு நடத்துது, நாடு பூரா எடுத்த லாக் எல்லாம் அங்க சேருது. அது எண்ணெய்க் கம்பெனிக்கும் ஆராய்ச்சிக்கும் திறந்த வாசல். திருத்துறைப்பூண்டி விவசாயி அங்க போயி என்ன கேப்பாரு, எப்படி கேப்பாரு?

அதனால உங்க பேப்பர் வழியா ரெண்டு விஷயம் கேக்கறேன். ஒண்ணு, காவிரிப் படுகையில தோண்டின எல்லா எண்ணெய்க் கிணத்துலயும் மேல் 500 மீட்டருக்கு எடுத்த மின்தடை, எஸ்பி, காமா (பாறையோட இயற்கைக் கதிர்வீச்சை அளக்கறது) கோடுகளை மாநில நிலத்தடி நீர் ஆளுங்க கிட்ட குடுத்து, ஊராட்சி வாரியா வெளியிடணும். 500 மீட்டருக்குள்ள நம்ம பக்கம் வியாபார ரகசியம்னு பெருசா எதுவும் இருக்காது, எண்ணெய் எல்லாம் அதுக்கும் ரொம்ப கீழ. மின்தடை எடுக்காத கிணத்துல கேசிங்குக்குள்ள எடுத்த காமா கோடாவது இருக்கும், அதுல எது மணல் எது களின்னு தெரியும், அதுவும் உதவும்.

ரெண்டாவது, நான் முன்னாடி ஞாபகத்துல வச்சிக்க சொன்னது. இண்டக்‌ஷன் டூல் பிளாஸ்டிக் பைப்புக்குள்ளேர்ந்தே பாக்கும். கடலோரத்துலயும் கொள்ளிடம் முகத்துவாரப் பக்கமும் பிவிசி பைப் இறக்குன கண்காணிப்பு போர் கொஞ்சம் போட்டு, இல்ல ஏற்கனவே இருக்கறதை எடுத்துகிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை, சம்பா அறுப்பு முடிஞ்சு மேட்டூர் திறக்கறதுக்கு முன்னாடி, சின்ன இண்டக்‌ஷன் டூலை இறக்கி எடுத்தா போதும். பைப்பை ஓட்டை போட வேணாம், தண்ணி எறைக்க வேணாம். போன வருஷக் கோட்டையும் இந்த வருஷக் கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா உப்பு எந்த ஆழத்துல எத்தனை அடி உள்ள வந்திருக்குன்னு பளிச்சுனு தெரியும். பல நாட்டுல கடலோர ஊர்ல இப்படித்தான் கண்காணிக்கறாங்க. இப்ப நாம பண்றது மோட்டாரைப் போட்டு தண்ணிய வாயில ஊத்திப் பாக்கறது, வாய்க்கு உப்பு தெரியறப்ப பயிருக்கு லேட்டாயிருக்கும்.

இதுல கம்பெனிக்காரங்க சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும், பழைய கோடு எல்லாம் தாள்ல இருக்கு, பெரிய ஓட்டையில எடுத்ததால துல்லியம் கம்மி, பொதுஜனத்துக்கு புரியாதுன்னு. 17½ இஞ்ச் ஓட்டையில மட் பாதிப்பு ஜாஸ்திதான், ஒத்துக்கறேன், ஆனா நாப்பதுக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் காட்டாத அளவுக்கு மோசம் இல்ல. புரியாதுங்கறத நான் ஏத்துக்க மாட்டேன், இசி எண்ணைப் பாத்து எந்தப் பயிர் வைக்கலாம்னு முடிவு பண்ற ஜனங்க இது.

ஒரே ஒரு வேண்டுகோள், வெளியிட்டா கோட்டை மட்டும் வெட்டிப் போடாம லாக்கோட தலைப்பு தாளையும் சேத்து போடணும். மட்டோட மின்தடை எவ்வளவு, எந்த வெப்பநிலையில அளந்தது, பிட் சைஸ் என்ன, கேசிங் எந்த ஆழத்துல நிக்குது, எந்த தேதில எடுத்ததுன்னு எல்லாம் அதுலதான் இருக்கும். சூடு ஏற ஏற தண்ணியோட மின்தடை குறையும், மட்டு உப்பா இருந்தா கிட்டக் கோடு பொய் சொல்லும், தலைப்பு தாள் இல்லாம அந்தக் கோட்டை வச்சிகிட்டு யாராலயும் கணக்கு போட முடியாது.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
குடவாசல் வட்டம், திருவாரூர் மாவட்டம்